சித்தி வீட்டு நாய் ஜூலிக்கு ஆபரேஷன்: எங்கள் குடும்பக் குழுவில்

சித்தி (மாலை 6.10): எல்லாரும் வேண்டிக்கொள்ளுங்கள். ஜூலிக்குக் கர்ப்பப்பை முழுக்கச் சீழாம். இன்று ராத்திரியே ஆபரேஷன்.

அத்தை: ஐயோ, நேற்று வீடியோ காலில்கூட வாலாட்டினாளே!

தம்பி: ஒரு வாரமாகத் தண்ணீர் அதிகமாகக் குடித்தாள் அத்தை. இன்று வாந்தி, வயிறும் உப்பிவிட்டது. ஸ்கேனில்தான் தெரிந்தது.

நான்: இதற்குப் பெயர் பயோமெட்ரா. கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு ஹீட் (இணை சேரும் பருவம்) முடிந்து ஓரிரு மாதத்தில் வருவது. தம்பி, சீழ் வெளியே வடிகிறதா?

தம்பி: இல்லை அக்கா. கர்ப்பப்பை வாய் மூடியிருக்கிறதாம்.

நான்: அப்படியானால் நாளைக்குத் தள்ளவே கூடாது. உள்ளே கிழிந்தால் சீழ் வயிறு முழுக்கப் பரவிவிடும். உடனே கையெழுத்துப் போடுங்கள்.

பெரியப்பா (7.45): அவ்வளவு அவசரம் என்றால் ஏன் இன்னும் உள்ளே கொண்டுபோகவில்லை? ஒன்றரை மணி நேரமாக டிரிப்ஸ்தான் ஏறுகிறதாம். வேறு இடம் பார்க்கச் சொல்லட்டுமா?

நான்: வேண்டாம் பெரியப்பா. அதை வைத்துத்தான் நல்ல டீம் என்று சொல்கிறேன். சீழின் நஞ்சு ரத்தத்தில் கலந்தால் பிரஷர் இறங்கும். மயக்க மருந்தும் பிரஷரை இறக்கும். இரண்டும் சேர்ந்தால் மேஜையிலேயே இதயம் நின்றுபோகலாம். அதனால்தான் முதலில் டிரிப்ஸ், ஆன்டிபயாடிக், வலி ஊசி. கிட்னி எப்படி இருக்கிறது என்றும் ரத்தத்தில் பார்த்துக்கொள்வார்கள்.

சித்தி: எட்டு வயதாகிறது. மயக்கம் தெளியாமல் போய்விட்டால் என்னம்மா செய்வேன்?

நான்: ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன் சித்தி. ஆனால் கத்தி பிடிக்கும் டாக்டர் வேறு, அவள் மூச்சைப் பார்ப்பவர் வேறு. அவருக்கு வேறு வேலையே கிடையாது. மாஸ்க்கில் ஆக்சிஜன் கொடுத்துவிட்டுத்தான் மயக்கமே. உடனே மூச்சுக்குழாயில் டியூப் போய்விடும். அதன் நுனியில் சின்ன பலூன் ஊதியிருக்கும், வாந்தி வந்தாலும் நுரையீரலுக்குள் இறங்காது. நாக்கில் கிளிப், அது காட்டும் ரத்த ஆக்சிஜன் 95 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். காலில் பிரஷர் பட்டை. சராசரி பிரஷர் 60க்குக் கீழே போவதற்குள் மயக்க வாயுவைக் குறைப்பார்கள்.

பெரியப்பா: மனிதர்களுக்குச் செய்வது போலவே இருக்கிறதே!

நான்: ஏறக்குறைய அதேதான். குளிர்தான் எனக்குப் பெரிய கவலை. முடியை மழித்து, மருந்து தடவி, வயிற்றைத் திறந்தால் உடம்புச் சூடு மளமளவென்று இறங்கும். நாய்க்கு இயல்பே 101 முதல் 102.5 டிகிரி. உடம்பு குளிர்ந்தால் மயக்கம் தெளிய நேரமாகும். தம்பி, அடியில் சூடு கொடுக்கிறார்களா என்று கேள்.

தம்பி: கேட்டேன். வார்மர் இருக்கிறதாம்.

அத்தை: ரத்தம் வேண்டியிருந்தால்?

நான்: நாய்க்கு நாய் ரத்தம்தான். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ரத்த வங்கி இருக்கிறது.

தம்பி: ஹீமோகுளோபின் 11. இப்போதைக்குத் தேவையில்லை என்றார்கள். உள்ளே கொண்டுபோகிறார்கள்.

தம்பி (10.20): முடிந்தது! பஞ்சுகளை எண்ணிப் பார்த்துத்தான் தைத்தார்களாம்.

பெரியப்பா: முருகா! சரி, வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுங்கள். கூண்டில் பயந்துவிடுவாள்.

நான்: இன்று கண்டிப்பாக வேண்டாம் பெரியப்பா. பிரிட்டனில் 2002 முதல் 2004 வரை நடந்த பெரிய ஆய்வில், மயக்க மருந்து சார்ந்த நாய் இறப்புகளில் கிட்டத்தட்டப் பாதி ஆபரேஷனுக்குப் பிறகுதான் நடந்தது. அதிலும் பெரும்பாலானவை முதல் 3 மணி நேரத்துக்குள். அவளாகவே விழுங்க ஆரம்பித்த பிறகுதான் டியூபை எடுப்பார்கள். அதன் பிறகும் ஒருவர் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். ராத்திரி அங்கேயே இருக்கட்டும்.

சித்தி: வீட்டுக்கு வந்ததும் வலித்தால் பாரசிட்டமால் கொடுக்கலாமா?

நான்: நம் மாத்திரை எதுவுமே வேண்டாம் சித்தி. டாக்டர் எழுதுவது மட்டும். இப்யூப்ரோஃபென் நாயின் கிட்னியையே கெடுத்துவிடும்.

தம்பி (11.35): தலையைத் தூக்கினாள் அக்கா. அம்மா கூப்பிட்டதும் காதை அசைத்தாள்.

அத்தை: நல்ல சேதி! எங்கள் பிளாக்கிக்கும் கருத்தடை செய்யவில்லையே, போன மாதம்தான் ஹீட் வந்தது. நாளைக்கே கூட்டிப்போகவா?

நான்: ஹீட் முடிந்து இரண்டு மூன்று மாதம் போகட்டும் அத்தை. அதற்குள் தண்ணீர் அதிகம் குடித்தாலோ சோறு மறுத்தாலோ ராத்திரியானாலும் என்னைக் கூப்பிடுங்கள்.

அத்தை: சரிம்மா. பொங்கல் கழிந்ததும் தேதி வாங்கிவிடுகிறேன்.