புதுப்பிப்பு: அப்பாவின் மெடிக்கல் பேப்பர் கிடைத்துவிட்டது, பென்ஷன் இன்னும் இல்லை

பீரங்கிப் படையில் இருந்த அப்பாவுக்கு இடது காது கேட்காது, ஊனப் பென்ஷனை நிராகரித்துவிட்டார்கள், படைவீரர் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸ் கடிதத்துக்குப் பதிலே போடுவதில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். மெடிக்கல் பேப்பரைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள் என்றீர்கள். 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து ஏற்காட்டிலிருந்தே அனுப்பினோம், அப்பா கையெழுத்தில்தான் (நான் கேட்டால் மூன்றாம் நபர் என்று தட்டிக்கழிக்கலாம்). 30 நாள் கெடு தாண்டியும் சத்தமில்லை. முதல் மேல்முறையீடு போட்ட பிறகுதான் பேப்பர் கட்டு வந்தது.

ஜெராக்ஸ் மங்கல். ஆனாலும் சேரும்போது எடுத்த பரிசோதனைத் தாளில் இரண்டு காதும் நார்மல் என்று பளிச்சென்று இருக்கிறது. வெளியே வந்தபோது 20 சதவீதக் குறைபாடு, 'பணியால் வந்ததல்ல' என்று ஒரு வரி, காரணம் எழுத வேண்டிய இடம் காலி! 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதே இதுதானே, சேரும்போது குறைபாடு பற்றிக் குறிப்பு இல்லையென்றால் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது ராணுவத்தின் பாடு.

அப்பாவோ மிளகுக்கொடி கட்டிக்கொண்டு "வர்றப்ப வரட்டும்" என்கிறார். சரி, அவருக்கும் சேர்த்து நான் கத்துகிறேன். பென்ஷன் மேல்முறையீட்டு மனு இந்த வாரம் போகிறது. அதையும் தள்ளினால் படைவீரர் வழக்குகளை விசாரிக்கும் சென்னை ஆயுதப்படைத் தீர்ப்பாயம்தான். அங்கே வழக்கு நடத்தியவர்கள் யாராவது சேலம் பக்கம் இருந்தால் சொல்லுங்கள்.