டிரெய்லரும் இழுக்கணும், நாலு மைல் ஆபீஸுக்கும் போகணும்: எந்த ட்ரக் வாங்கி எப்படி மாட்டிக்கொண்டீர்கள்?

கேட்டி டீசல்
26 அடி டிரெய்லர், வருஷத்துக்கு ஏழெட்டுப் பயணம். அதன் பெருமை இன்னொரு நாள். வீடு ஹூஸ்டனை ஒட்டிய கேட்டியில், அங்கிருந்து ஆபீஸ் 4 மைல். "இழுக்கணும்னா டீசல்தான்" என்று எல்லோரும் சொன்னார்கள், முக்கால் டன் என்கிற பெரிய வகைப் பிக்கப், அதுவும் டீசல், வாங்கினேன். தினசரி ஓட்டம் 4 மைல் என்று விற்பவரிடமும் சொன்னேன். "சூப்பர் சாய்ஸ் சார்" என்றார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை இரவு பத்தேமுக்கால். எக்ஸாஸ்ட் ஃபில்டர் நிறைகிறது, நெடுஞ்சாலையில் ஓட்டிச் சுத்தம் செய் என்று டாஷ்போர்டு கெஞ்ச ஆரம்பித்து மூன்று நாள். உள்ளே சேர்ந்த கரி எரிய 600 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடு வேண்டும். என் நாலு மைலில் எஞ்சின் தூக்கம் கலைவதற்குள் பார்க்கிங் வந்துவிடும். வேறு வழியில்லாமல் ஐ-10 நெடுஞ்சாலையில் ஏறி மேற்கே விட்டேன். பின்னால் டிரெய்லர் இல்லை, வண்டியில் சாமான் இல்லை, போக ஓர் இடமும் இல்லை. புரூக்‌ஷயர் தாண்டி சீலி வரை போய்த் திரும்பும்போது வீட்டிலிருந்து போன்.

"எங்க இருக்கீங்க?"
"வண்டிக்கு வயிறு சுத்தம் பண்ண வந்திருக்கேன்."

அந்தப் பக்கம் பத்து விநாடி சத்தமே இல்லை. அப்புறம் "சரி" என்று ஒரு வார்த்தை. அந்த "சரி" இன்னும் காதில் கிடக்கிறது.

ஃபிரிஸ்கோ அப்பா
உங்களுக்கு வயிறு, எனக்கு முதுகு. நான் அதற்கு ஒரு படி கீழான ஹாஃப் டன், பெட்ரோல். பிரோஷரில் 11,000 பவுண்டு இழுக்கும் என்று போட்டிருந்தது, என் டிரெய்லர் சாமானோடு 6,800. பாதியை விடக் கொஞ்சம்தானே கூட என்று தெம்பாகக் கிளம்பினோம்.

வேகோ தாண்டி ஐ-35. இடப்பக்கம் ஒரு பதினெட்டுச் சக்கர லாரி எங்களைக் கடந்தது. முதலில் டிரெய்லரை அது தன் பக்கம் இழுத்த மாதிரி இருந்தது, பிறகு தள்ளியது. பக்கக் கண்ணாடியில் எப்போதும் தெரியும் டிரெய்லர் விளிம்பு மறைந்தது. அடுத்த நொடி கண்ணாடி முழுக்க டிரெய்லர். மறுபடி மறைந்தது. பின் சீட்டிலிருந்து அப்பா "முருகா" என்றார், அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. டிரெய்லர் பிரேக்கை மட்டும் தனியாகப் பிடிக்க ஒரு லீவர் இருக்குமே, அது என் வலது முழங்காலுக்கு மேலேதான் இருந்தது. கை அதைத் தேடவே இல்லை, ஸ்டியரிங்கை நெரித்துக்கொண்டிருந்தது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன், அதுவாக அடங்கியது.

அன்று இரவுதான் கதவு நிலையில் இருக்கும் மஞ்சள் ஸ்டிக்கரைப் படித்தேன். ஆட்களும் சாமானும் சேர்ந்து 1,380 பவுண்டு. டங் வெயிட், அதாவது டிரெய்லரின் மூக்கு ட்ரக்கின் மேல் அழுத்தும் எடை, 13 சதவீதம் என்று வைத்தால் 884. மீதி 496. நாங்கள் ஐந்து பேரே 670. டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் 80. இட்லி மாவு கூலர், அப்பாவின் மடக்கு நாற்காலி எல்லாம் தனி. டிரெய்லரின் பின் பம்பரில் நான்கு சைக்கிள் வேறு. 11,000 என்ற எண் யாருக்காக எழுதியது என்று இன்றுவரை புரியவில்லை.

ஆரோரா மலையாண்டி
டீசலைத் திட்டுகிறவர்கள் ஒருமுறை டென்வரிலிருந்து ஐ-70-இல் மேற்கே போய்ப் பாருங்கள். ஐசன்ஹவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேலே. என்னுடையது டர்போ, அதாவது காற்றை அழுத்தி ஊட்டும் கருவி, இல்லாத பழைய பெட்ரோல் வி8. ஆயிரம் அடி உயரத்துக்கு 3 சதவீதம் வலு போகும் என்று கணக்கு, அங்கே மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருந்தது. ஏறும்போது 30 மைல் வேகத்தில் ஹசார்ட் விளக்கு போட்டுக்கொண்டு ஊர்ந்தேன், அவமானம் மட்டும்தான். சுரங்கத்தைத் தாண்டி சில்வர்த்தார்ன் வரை 7 சதவீத இறக்கம். பாதியில் பிரேக் நாற ஆரம்பித்தது. கருகின முடி மாதிரி ஒரு வாடை. பிரேக் போன லாரிகள் ஏறி நிற்கிற சரளை மேடு பக்கத்தில் வந்தது. "அதில் ஏறிவிடலாமா" என்று நிஜமாகவே யோசித்தேன். ஏறவில்லை. ஆனால் யோசித்தேன்.

கேட்டி அண்ணே, உங்கள் வண்டியில் எக்ஸாஸ்ட் பிரேக் இருக்கும், இறக்கத்தில் எஞ்சினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். அதற்காகவாவது மாதம் ஒரு தடவை சீலி போய் வரலாம்.

கணக்குப்பிள்ளை
என் அனுபவம் சின்னது. சன்னிவேலில் ஆபீஸ் பார்க்கிங், வாசலில் 6 அடி 8 அங்குலம் என்று எழுதிய கம்பி தொங்கும். புது முக்கால் டன்னில் முதல் நாள், டங்கென்று சத்தம். பின்னால் ஒன்பது கார் காத்து நிற்க நான் ரிவர்ஸ் எடுத்தேன். அதில் ஒன்று என் மேனேஜருடையது.

இப்போது ஃபிரிஸ்கோ நண்பருக்கு. 13 சதவீதம் என்று "வைத்தீர்கள்", எடை போட்டீர்களா? நான்கு சைக்கிளும் ஸ்டாண்டுமாக 150 பவுண்டுக்குக் குறையாது. அதை டிரெய்லரின் வாலில் தொங்கவிட்டால் சீசா மாதிரி முன்பக்கம் தூக்கும், டங் வெயிட் குறையும். 10 சதவீதத்துக்குக் கீழே போனால் ஆட்டம்தான். உங்களை ஆட்டியது பேலோட் (அந்த ஸ்டிக்கர் சொல்லும் சுமை) இல்லை, சைக்கிள். பேலோட் மீறியது வேறொரு தப்பு. அந்த 11,000 யாருக்கு என்று கேட்டீர்களே, ஜே2807 என்று ஒரு சோதனை முறை இருக்கிறது. வண்டியில் தலா 150 பவுண்டில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்வார்கள். அரிசோனாவில் டேவிஸ் அணை ஏற்றம், 11.4 மைல், ஏசி முழுதாக ஓட, வேகம் 40 மைலுக்குக் கீழே இறங்கக் கூடாது. அந்த இரண்டு ஒல்லிப் பேர்வழிகளிடம் இட்லி மாவு கூலர் கிடையாது.

அதனால் வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் கதவைத் திறந்து முதலில் ஸ்டிக்கரைப் பாருங்கள். ஒரே மாடலில் சன்ரூஃப், பெரிய சக்கரம், தோல் சீட் ஏற ஏற அந்த எண் இறங்கும். பிறகு டிரெய்லரோடு ஒரு டிரக் ஸ்டாப் எடைமேடைக்குப் போய் அச்சு வாரியாகச் சீட்டு வாங்குங்கள், செலவு ஒரு குடும்பக் காபிக்கு மேல் ஆகாது. ஹாஃப் டன் நாலு கதவு வண்டியே 19 அடிக்கு மேல், பார்க்கிங் கட்டம் பெரும்பாலும் 18 அடி, அதையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள். ஆயில் விஷயத்தில் ஒன்று: பாரம் இழுப்பதையும் சூடாகாத குறுகிய ஓட்டத்தையும் மேனுவல் ஒரே பட்டியலில்தான் வைக்கும், கடின உபயோகம் என்று. நமக்கு இரண்டும் உண்டு. டாஷ்போர்டு சொல்வதற்கு முன்பே மாற்றுங்கள். என்னைக் கேட்டால் 2021-இல் வந்த எஃப்-150 பவர்பூஸ்ட் ஹைப்ரிட் மாதிரி ஒன்று...

ஃபிரிஸ்கோ அப்பா
யாரும் கேட்கவில்லை சார். பேட்டரி ஏறினால் பேலோட் இறங்கும், அதையும் உங்கள் கணக்கில் சேருங்கள். சைக்கிள் விஷயம் மட்டும் வலிக்கிறது, ஏனென்றால் அந்த ஸ்டாண்டு என் ஐடியா.

ஸ்காபரோ ஐயா
பெட்ரோல் எண்டால் பிரச்சினை இல்லை எண்டு நினைக்கிற ஆக்களுக்கு. என்ரை படகு ட்ரெய்லரோடை 1,300 கிலோ, அதாலை இஞ்ச ஒன்ராறியோவில ட்ரெய்லர் பிரேக் கட்டாயம் இல்லை, எல்லை 1,360. வேலைக்கு 3 கிலோமீற்றர். சனவரி, மைனஸ் 20. ஒரு ஞாயிறு ஒயில் மூடியைக் கழட்டினன், உள்ளுக்கை மோர்க்குழம்பு! மஞ்சளும் வெள்ளையுமாய், விரலாலை வழிச்சு எடுக்கலாம். எஞ்சின் போச்சு எண்டு அரை மணித்தியாலம் கராஜிலை குந்தி இருந்தன். மெக்கானிக் சிரிச்சார். ஈரம் ஆவியாகிறதுக்கு முதல் நான் எஞ்சினை நிப்பாட்டிப் போடுறனாம். "தூரமா எங்கையாவது போங்கோ" எண்டார். இப்ப ஞாயிறு தவறாமல் பீற்றர்பரோ போய் ரீ குடிச்சிட்டு வாறன்.

மின்சாரக் கண்ணன்
நான் இதெல்லாம் வேண்டாம் என்று மின்சாரப் பிக்கப்புக்குப் போனேன். ஆபீஸ் 6 மைல், வீட்டிலேயே சார்ஜ், ஆயில் இல்லை, ஃபில்டர் இல்லை. வருஷத்தில் 340 நாள் ராஜா.

மீதி 25 நாளில் ஒன்று: டிரெய்லர் மாட்டினால் தூரம் பாதி. ஆகஸ்ட், மேற்கு டெக்சஸ், ஐ-10. சார்ஜிங் இடத்தில் வண்டியை மூக்கு முட்ட நிறுத்தத்தான் வழி, டிரெய்லரோடு நுழைந்தால் எல்லாருடைய பாதையும் அடைபடும். எனவே பக்கத்துக் கடையின் காலி மூலையில் டிரெய்லரைக் கழற்றி வைத்தேன். யாராவது மாட்டிக்கொண்டு போய்விட்டால்? பதினோரு வயது மகளை ஒரு குடையோடு அதன் நிழலில் உட்கார வைத்து, மனைவியையும் காவலுக்கு விட்டு, நான் ஐம்பது நிமிடம் வண்டிக்குள் ஏசி போட்டு உட்கார்ந்து சார்ஜ் ஏற்றினேன். அவர்கள் இருவரும் அங்கிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த மாதம் டிரெய்லரை விற்றுவிட்டேன். வண்டி இருக்கிறது.

கணக்குப்பிள்ளை
டிரெய்லரை விற்காமல், ஒரு பழைய முக்கால் டன் வாங்கி ஓரமாக நிறுத்திவிட்டு, ஆபீஸுக்கு ஒரு சின்ன கொரோலா கார் வைத்திருந்தால்...

ஃபிரிஸ்கோ அப்பா
நிறுத்த இடம் உங்கள் வீட்டிலா?

கேட்டி டீசல்
அண்ணன்மார்களே, படித்தேன். மலையாண்டி சொன்ன எக்ஸாஸ்ட் பிரேக்கை ஹூஸ்டனில் எங்கே போடுவது? எங்கள் ஊரில் உயரமான இடமே மேம்பாலம்தான். ஸ்காபரோ ஐயா, உங்கள் ஞாயிற்றுக்கிழமை யோசனை பிடித்திருக்கிறது. நேற்று டாஷ்போர்டில் மறுபடி அந்த எழுத்து வந்துவிட்டது. வெள்ளி இரவு ஒன்பதுக்கு கேட்டி பக்கீஸ் பெட்ரோல் பங்க்கில் காபி வாங்கிக்கொண்டு சீலி வரை. பின் சீட் காலி, வருகிறவர்கள் வரலாம். வீட்டம்மா இந்தத் தடவை முன் சீட்டில் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.