புதுப்பிப்பு: போர்ட்லாந்திலிருந்து வான்கூவருக்கு மாறினால் வரி மிச்சமா?

அமெரிக்காவில் போர்ட்லாந்து இருக்கும் ஆரிகன் மாநிலத்தின் வருமான வரியைக் குறைக்க, ஆற்றைத் தாண்டி வாஷிங்டன் மாநில வான்கூவருக்குக் குடிபோகலாமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

போய்விட்டோம். 2024 வரிக் கணக்கும் முடிந்தது. "வீடு மாறினால் போதாது, எங்கே உட்கார்ந்து வேலை பார்க்கிறீர்கள் என்பதுதான் கணக்கு" என்று ஒருவர் சொன்னதுதான் சரி. போர்ட்லாந்து அலுவலகத்துக்குப் போன நாட்களின் சம்பளத்துக்கு ஆரிகன் வரி உண்டு; வெளிமாநிலத்தவருக்கான ஓஆர்-40-என் படிவத்தில் காட்டினேன். வாரம் மூன்று நாள் வீட்டிலிருந்து பார்த்த வேலைக்கு இல்லை. அவர் சொன்னபடி எங்கே வேலை பார்த்தேன் என்று தினமும் காலண்டரில் குறித்தது கைகொடுத்தது: முழுச் சம்பளத்துக்கும் பிடித்திருந்த வரியில் பாதிக்கு மேல் திரும்ப வந்தது.

எதிர்பாராதது கார். விற்பனை வரி இல்லாத ஆரிகனில் வாங்கினேன். அப்புறம் வாஷிங்டனில் பதிவு செய்யும்போது பயன்பாட்டு வரி (விற்பனை வரி கட்டாமல் வெளியே வாங்கிய பொருளுக்கு அதற்குப் பதிலாகக் கட்டுவது) கட்ட வேண்டியிருந்தது.