வீடு தேடிய கதை: புதுப்பிப்பு

தஞ்சாவூரில் வீடு வாங்க கரந்தைப் பக்கமா, மருத்துவக் கல்லூரி சாலைப் பக்கமா, ஊருக்கு வெளியே வயலை மனையாக்கிய புது நகரா என்று ஆவணியில் கேட்டிருந்தேன். முடிவு பண்ணியாச்சு.

புது நகரில் விலை குறைவு. அட்வான்ஸ் கொடுக்கிற அளவுக்குப் போய்விட்டோம். "ஐப்பசி மழைக்கு அப்புறம் ஒருமுறை பார்" என்று உங்களில் ஒருவர் சொன்னது நல்லதாகப் போயிற்று. மூன்று நாள் மழை விட்ட மறுநாள் போனால், தெருவில் கொக்கு நிற்கிறது! பக்கத்து வீட்டுச் சுற்றுச்சுவரில் முழங்கால் உயரத்துக்குச் சேற்றுக் கோடு. "வருஷா வருஷம் இப்படித்தான் தம்பி, வாய்க்காலைத் தூர்த்துட்டாங்கல்ல" என்றார் அந்த வீட்டு அம்மா. போதாததற்கு மனைப்பிரிவுக்கு அங்கீகாரமும் இல்லை. 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு பிரித்த மனை என்பதால் வரன்முறைப்படுத்தவும் (கட்டணம் கட்டிப் பின்னால் அங்கீகாரம் வாங்கவும்) வழியில்லை.

கரந்தை எனக்குப் பிடித்த இடம். வடவாறு, பழைய தெரு, காலாற நடை. ஆனால் பார்த்த வீட்டின் பட்டா இன்னும் தாத்தா பெயரில். வாரிசுகள் ஏழு பேர். வேண்டாம் சாமி.

கடைசியில் மருத்துவக் கல்லூரி சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு பழைய வீடு. ஊரின் தெற்கே வல்லம் வரை செம்மண் மேடு, தண்ணீர் தேங்குவதில்லை. 30 வருட வில்லங்கச் சான்றும் (வீட்டின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாம் காட்டுவது) சுத்தம். சமையலறைதான் சின்னது, அம்மாவுக்கு அதில் இன்னும் குறை. தை பிறந்ததும் பத்திரப் பதிவு.