பட்டன் (டயர் தரையில படுற மேல்பக்க வரிப்பள்ளம்) பாதிக்கு மேல இருக்கு, ஆனா டயருக்கு எட்டு வயசு தாண்டிடுச்சு. மாத்தணுமா?

ஓரத்துவண்டி:

அப்பா ஓட்டிட்டு இருந்த காரை போன மாசத்துல இருந்து நான் ஓட்டுறேன். கண் ஆபரேஷனுக்கு அப்புறம் அவரே கூப்பிட்டு சாவியைக் கொடுத்துட்டார். 2017-ல புதுசா எடுத்த வண்டி, மொத்தமே 29,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. வாரத்துல ஒரு நாளோ ரெண்டு நாளோ எடுப்பார். மிச்ச நாளெல்லாம் கூரை இல்லாத இடத்துல வெயில்லதான் நின்னுச்சு.

ஞாயித்துக்கிழமை கழுவும்போது பார்த்தேன். சைடுவால்ல, அதாவது டயரோட பக்கவாட்டுல, ரிம்முக்குப் பக்கத்துல, முடி மாதிரி மெல்லிசா கோடுகள். சேறுன்னு நினைச்சு துணியால தேய்ச்சேன், போகல. நகத்தை வெச்சு இழுத்தா மாட்டுது. பட்டன் பள்ளத்தை அளந்தேன், நாலுலயும் 5 மில்லிமீட்டருக்குக் குறையல.

இனிமே ஒவ்வொரு சனிக்கிழமையும் மனைவியையும் ரெண்டு வயசு மகளையும் கூட்டிக்கிட்டு ஹைவேல 140 கிலோமீட்டர் போகணும். அப்பா, "டயர் புதுசு மாதிரி இருக்கு, ஏன் வீண் செலவு"ங்கிறார். 15 நாளைக்கு ஒரு தடவை தவறாம காத்து பார்த்தவர் அவர். அவர் பேச்சைத் தட்டணும்னா எனக்கு சரியான காரணம் வேணும். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நாலுசக்கரம்:

5 மில்லிமீட்டர் இருந்தா தாராளமா ஓட்டலாம். நிறைய நாடுகள்ல சட்டமே 1.6 மில்லிமீட்டர் வரைக்கும் விடுது. சின்ன வெடிப்பு எல்லா டயர்லயும் வரும். என்னோடது ஏழு வருஷமா ஓடுது, ஒரு பிரச்சினையும் இல்ல.

ரிம்முக்குப்பக்கம்:

தம்பி, 19 வருஷமா டயர் கழட்டி மாட்டுற வேலையில இருக்கேன். மாத்திடுங்க. காரணத்தையும் சொல்றேன், அப்பாகிட்ட அப்படியே சொல்லுங்க.

பட்டன் பார்த்தா டயர் எவ்வளவு ஓடியிருக்குன்னு மட்டும்தான் தெரியும். எவ்வளவு வயசாச்சுன்னு அதுல தெரியாது. ரப்பர் நின்னாலும் கெடும், ஓடினாலும் கெடும். நிக்கிற வண்டிக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. ரப்பர் கலவையில ஓசோனைத் தடுக்கிற மெழுகும் மருந்தும் போட்டிருப்பாங்க. டயர் உருளும்போது நசுங்கி விரிஞ்சு, அது உள்ளிருந்து மேல வந்து ஒரு படலமா காப்பாத்தும். வண்டி நின்னுகிட்டே இருந்தா அது சரியா மேல வராது. வெயிலும் சேர்ந்தா நீங்க பார்த்த கோடுதான்.

ஆனா நான் பயப்படுறது அந்தக் கோட்டுக்கு இல்ல. அது கண்ணுக்குத் தெரியுது. உள்ள அடைச்ச காத்து இருக்கே, அது கொஞ்சங்கொஞ்சமா ரப்பர் வழியா கசிஞ்சுகிட்டே இருக்கும். அதுல உள்ள ஆக்சிஜன், பட்டனுக்கு அடியில இருக்கிற ரெண்டு கம்பி பெல்ட்டுக்கு நடுவுல உள்ள ரப்பரை வறட்டிடும். முக்கியமா பெல்ட் ஓரத்துல. பழைய டயரை அறுத்துப் பார்த்திருக்கேன். நல்ல டயர்ல கம்பியும் ரப்பரும் பிரிக்கவே முடியாது, குறடு வெச்சு இழுத்தாலும் ரப்பர் கம்பியோடயே ஒட்டிக்கிட்டு வரும். வயசான சிலதுல ஓரத்துல சின்னக் கீறல் போட்டு இழுத்தா பட்டை பட்டையா உரியும், உள்ள கம்பி வெறுங்கம்பியா நிக்கும். அதுக்கு மேல 6 மில்லிமீட்டர் பட்டன் இருந்ததையும் பார்த்தேன். ஹைவே வேகத்துல சூடு ஏறினா அந்த ஓரம்தான் முதல்ல விடும்.

நாலுசக்கரம் நண்பருக்கு ஒண்ணு. பிரிட்டன்ல 2012-ல ஒரு பஸ்ஸோட முன் டயர் வெடிச்சு மூணு பேர் செத்தாங்க. அந்த டயருக்கு 19 வயசுக்கு மேல, பஸ்ஸை விடவே மூத்தது. இறந்த ஒரு பையனோட அம்மா வருஷக்கணக்கா போராடி, 2021 பிப்ரவரியில இருந்து லாரி, பஸ்ஸோட முன்பக்கம் 10 வருஷத்துக்கு மேல ஆன டயர் கூடாதுன்னு அங்க சட்டமே வந்துச்சு. ஏழு வருஷமா ஒண்ணும் ஆகலைங்கிறது நல்ல விஷயம்தான். ஆனா எட்டாவது வருஷத்துக்கு அது உத்தரவாதம் இல்லங்க.

எத்தனை வருஷம்னு கேட்டா: ஃபோர்டு, மெர்சிடிஸ் மாதிரி கார் கம்பெனிகள் பட்டன் எவ்வளவு இருந்தாலும் 6 வருஷத்துல மாத்தச் சொல்றாங்க. டயர் கம்பெனி மிஷலின், 5 வருஷத்துக்கு அப்புறம் வருஷம் ஒரு தடவை தெரிஞ்சவங்ககிட்ட காட்டு, 10 வருஷம் ஆனா பார்க்க நல்லா இருந்தாலும் கழட்டிடுங்குது. உங்களுது இந்த ரெண்டுக்கும் நடுவுல. அதுவும் வெயில்ல நின்ன வண்டி, நகம் மாட்டுற வெடிப்பு, குழந்தையோட ஹைவே. என் தங்கச்சி வண்டியா இருந்தா இந்த சனிக்கிழமைக்கே விடமாட்டேன்.

சைடுவால்ல DOT-னு ஆங்கிலத்துல தொடங்குற வரிசை இருக்கும். அதோட கடைசி நாலு எண்ணைப் பாருங்க. முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். ஸ்டெப்னியையும் பாருங்க.

மழைச்சாலை:

ஸ்டெப்னி பத்தி அண்ணன் சொன்னது ரொம்ப முக்கியம். என்னோடது ஒரு தடவைகூட தரையில படாதது, புது டயர்ல பட்டன் மேல நீட்டிக்கிட்டு இருக்குமே ரப்பர் மீசை முடி, அது அப்படியே இருந்துச்சு. வயசு 11. ராத்திரி பஞ்சர் ஆச்சுன்னு அதை மாட்டினேன். இருபது கிலோமீட்டர் போயிருப்பேன், ஸ்டீயரிங் லேசா நடுங்குச்சு. நட்டு சரியா முறுக்கலையோன்னு நினைச்சேன். அடுத்த நிமிஷம் கட்டையால அடிக்கிற மாதிரி தட் தட்னு சத்தம், மேல் பட்டை முழுசா உரிஞ்சு மட்கார்டைக் கிழிச்சிட்டு ரோட்ல கிடக்கு. பிரேக்கை அழுத்தாம ஆக்சிலேட்டர்ல இருந்து காலை மெதுவா எடுத்து, ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிச்சு ஓரம் கட்டினேன். பின் சீட்ல என் மாமியார் தூங்கிட்டு இருந்தாங்க. அதை நினைச்சா இப்பவும் கை நடுங்குது.

ஓரத்துவண்டி:

எல்லாருக்கும் நன்றி. இன்னிக்கு சாயங்காலம் டார்ச் எடுத்துக்கிட்டு போனேன். ரெண்டு டயர்ல அந்த எண் வெளிப்பக்கம் இல்லவே இல்ல. ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சு வெச்சு, குனிஞ்சு உள்பக்கம் பார்த்தேன், சாக்பீஸ் தேய்ச்சதும் எழுத்து தெரிஞ்சுது. மூணு டயர் 2217, அதாவது 2017 மே கடைசி. ஸ்டெப்னி 1917. பின் வலது மட்டும் 0922, எப்பவோ அப்பா மாத்தியிருக்கார். அந்த ஒண்ணை வெச்சுக்கலாமா? முதல்ல ரெண்டு மட்டும் மாத்தினா எந்தப் பக்கம் போடணும்?

ரிம்முக்குப்பக்கம்:

முடிஞ்சா நாலும் மாத்துங்க. 2022 டயரை, வெடிப்போ புடைப்போ இல்லைன்னா, அளவும் ஒண்ணா இருந்தா, ஸ்டெப்னியா வெச்சுக்கலாம். பழைய ஸ்டெப்னி வேண்டாம்.

ரெண்டுதான் முடியும்னா புதுசு பின்னாடி. முன் சக்கரம் இழுக்கிற வண்டியா இருந்தாலும் பின்னாடிதான். நிறைய பேர் மாத்திச் செய்றாங்க. ஈர ரோட்ல முன்னாடி வழுக்கினா வண்டி நேராப் போகப் பார்க்கும், வேகத்தைக் குறைச்சா பிடிக்கு வந்துடும். பின்னாடி வழுக்கினா சுத்திடும், சுத்த ஆரம்பிச்ச வண்டியைப் பிடிக்கிறது பழகினவனுக்கே கஷ்டம். ஆனா ரெண்டு மாத்திட்டு மிச்ச பழசோட ஹைவே ஏறாதீங்க, நான் சம்மதிக்க மாட்டேன்.

புது டயரை ரிம்ல ஏத்துறதுக்கு முன்னாடியே எண்ணைப் பார்த்துடுங்க, ஏத்தின பிறகு பேச முடியாது. வால்வையும் புதுசு போடச் சொல்லுங்க, அதுவும் ரப்பர்தான். அப்புறம் ஒண்ணு, கழட்டின டயரை அங்கேயே விட்டுட்டு வராதீங்க. பட்டன் இருக்குன்னு எவனாவது துடைச்சு, கறுப்புப் பூசி, வித்துடுவான்.

ஓரத்துவண்டி:

நாலும் மாத்தியாச்சு. அப்பாவையும் கூட்டிட்டுப் போயிருந்தேன். கழட்டின டயரை மடியில வெச்சு, நான் காட்டின இடத்துல விரலால தடவினார். இன்னும் பார்வை முழுசா வரல, அதனால விரல்தான். வெடிப்புல நகம் இறங்கினதும் கொஞ்ச நேரம் பேசவே இல்ல. "நான் பாப்பாவை இதுலதானே ஸ்கூல் காட்டக் கூட்டிட்டுப் போனேன்"னார்.

மூணு டயரோட சைடுவாலையும், பழைய ஸ்டெப்னியோடதையும், கத்தியால நீளமா கிழிச்சாச்சு. கடைசி டயரைக் கிழிக்கிறப்போ கத்தியை அப்பா வாங்கிக்கிட்டார், நான் டயரைப் பிடிச்சுக்கிட்டேன்.