முன்னுரை இல்லாமல் ஒரு மாற்று உலகைக் காட்டுவது எப்படி? ‘வாட்ச்மென்’ தொடரை முன்வைத்து ஒரு கேள்வி

அரசலாற்றங்கரை (கும்பகோணம்)

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் சிறிய அச்சகம் ஒன்று வைத்திருக்கிறேன். 1991-இல், பத்தாம் வகுப்பில் படித்தபோது, நானும் என் நண்பன் ஒருவனும் கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். அதில் பதினான்கு இதழ்களுக்குத் தொடர்ந்து ஒரு படக்கதை வரைந்தோம். கதையின் கடைசிப் பக்கத்தில், ஐப்பசி மாத இரவு ஒன்றில் கடல் பொங்கி, காவிரி வழியாகவும் கொள்ளிடம் வழியாகவும் உப்புநீர் மாயவரம் வரை ஏறி, பிறகு இறங்காமலேயே நின்றுவிடும். அதோடு பள்ளியும் முடிந்தது, பத்திரிகையும் நின்றது.

இப்போது அதற்கு ஒரு தொடர்ச்சி வரைகிறேன். கதை நடப்பது முப்பது ஆண்டுகள் கழித்து. கடல் எப்போது ஏறியது, அரசு என்னென்ன சட்டம் போட்டது, எந்த ஊர் எங்கே குடிபெயர்ந்தது என்று எட்டுப் பக்கத்துக்கு முன்னுரை எழுதி, என் அக்காள் மகளிடம் படிக்கக் கொடுத்தேன். மூன்றாம் பக்கத்திலேயே கீழே வைத்துவிட்டு, “மாமா, இது தாலுகா ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்கு” என்றாள்.

அதே வாரத்தில்தான் 2019-இல் வெளிவந்த ‘வாட்ச்மென்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ஒன்பது பகுதிகளையும் பார்த்து முடித்தேன். ஆலன் மூரும் டேவ் கிப்பன்ஸும் 1986–87-இல் பன்னிரண்டு இதழ்களாக வெளியிட்ட, முகமூடி வீரர்களைப் பற்றிய படக்கதைக்கு, முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து நடப்பதாக டேமன் லிண்டலாஃப் அமைத்த தொடர்ச்சி அது. அதில் முன்னுரை என்று எதுவுமே இல்லை. இருந்தும் அந்த உலகத்தில் நான் எங்கும் வழி தவறவில்லை. எப்படிச் செய்திருக்கிறார்கள் என்பதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

வெண்ணாற்றுப் பாலம் (தஞ்சாவூர்)

உங்கள் கேள்விக்கு விடை முதல் பகுதியில் வரும் கணவாய் மீன் மழையிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம். மூலப் படக்கதையின் முடிவில், 1985 நவம்பர் 2 அன்று, வேற்றுலகிலிருந்து வந்ததாக எல்லோரும் நம்பும்படி செய்யப்பட்ட ராட்சதக் கணவாய் ஒன்று நியூயார்க் நகரின் நடுவில் தோன்றி, லட்சக்கணக்கானோரைக் கொன்றுவிடும். அந்த அச்சத்தால் உலகப்போர் தவிர்க்கப்படும். (2009-இல் வந்த திரைப்படத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றும். அங்கே கணவாயை எடுத்துவிட்டார்கள். தொடர் படக்கதையைத்தான் பின்பற்றுகிறது.)

தொடரில் இதை யாரும் நமக்கு எடுத்துச் சொல்வதில்லை. ஏஞ்சலா என்ற பெண் பள்ளியிலிருந்து மகனை அழைத்துக்கொண்டு காரில் போகிறாள். சைரன் ஒலிக்கிறது. அவள் அலறவில்லை, மகனை இறுக அணைத்துக்கொள்ளவும் இல்லை. திடீர் மழைக்கு நாம் வண்டியை ஓரம் கட்டுவதுபோல ஓரம் கட்டுகிறாள். விரலளவுக் கணவாய்கள் கண்ணாடியில் பொத்துப்பொத்தென்று விழுகின்றன. ஓய்ந்ததும் வைப்பரால் துடைத்துவிட்டுக் கிளம்புகிறாள். இந்த உலகத்தில் ஒரு பேரழிவு நடந்திருக்கிறது, அதன் மிச்சம் இன்னமும் வானத்திலிருந்து விழுகிறது, மக்களுக்கு அது சலித்தும்போய்விட்டது என்ற மூன்று செய்திகளையும், ஒரு சொல்கூட இல்லாமல், அந்த வைப்பரும் அவள் முகமும் சொல்லிவிடுகின்றன. மூன்றாவது செய்திதான் மிக முக்கியமானது. உங்கள் முன்னுரையில் முதலிரண்டு இருந்திருக்கும்; சலிப்பு இருந்திருக்காது.

அடுத்தது வரிசை. அதே பகுதியில் இரவு ரோந்தில் இருக்கும் காவலர் ஒருவர் லாரி ஒன்றை நிறுத்திச் சோதிக்கும்போது ஆபத்தை உணர்ந்து, தம் காருக்குத் திரும்பி, துப்பாக்கிப் பெட்டியைத் திறக்க வயர்லெஸ்ஸில் அனுமதி கேட்கிறார். எதிர்முனையில் இருப்பவர் விதிமுறைக் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்கிறார். அந்தத் தாமதத்திலேயே காவலர் சுடப்படுகிறார். காவலர்கள் முகத்தை மஞ்சள் துணியால் மறைத்திருப்பதும் துப்பாக்கிகள் பூட்டப்பட்டிருப்பதும் நமக்கு முதலில் காட்டப்படுகின்றன; முகமூடிக்கான காரணமோ, அதாவது மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு கிறிஸ்துமஸ் முந்தைய இரவில் காவலர்களின் வீடுகள் ஒரே நேரத்தில் தாக்கப்பட்டது, பின்னால்தான் வருகிறது. சட்டத்தின் விளைவை முதலில் பார்த்துவிட்டுக் காரணத்தைப் பிறகு தெரிந்துகொள்ளும்போது, காரணத்தை நாமே தேடிப் போகிறோம்.

கணவாய் விழுந்த நாளையேகூட ஐந்தாம் பகுதியில்தான் நேரடியாகக் காட்டுகிறார்கள். அதுவும் வரலாறு சொல்வதற்காக அல்ல. கண்ணாடிபோல் மின்னும் முகமூடி அணிந்த வேட் என்ற காவல் அதிகாரி, தொப்பிக்குள் ஏன் பளபளப்பான தகட்டை ஒட்டிக்கொள்கிறார் என்பதை நாம் புரிந்துகொள்வதற்காக. 1985-இல் அவர் நியூயார்க்கிற்கு எதிர்க்கரையில், ஒரு பொருட்காட்சியின் கண்ணாடி அறைக்குள் மாட்டிக்கொண்டிருந்த இளைஞர். ஒருவருடைய பயத்துக்கு அந்த வரலாறு தேவைப்படும் இடத்தில்தான் அதை அவிழ்க்கிறார்கள்.

உங்கள் கதைக்கு இதைக் கொண்டுவந்தால்: மடையைத் திறக்கும் முன் ஒரு பெரியவர் வாய்க்கால் தண்ணீரில் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்புகிறார். அவ்வளவு போதும். எட்டுப் பக்கத்தையும் அந்த ஒரு கட்டம் சுமந்துவிடும்.

ஓடம்போக்கி (திருவாரூர்)

மேலே நண்பர் சொன்னதை ஏற்கிறேன்; ஆனால் தொடர் கணவாயோடு தொடங்கவில்லை என்பதை நினைவூட்ட வேண்டும். முதல் காட்சி 1921-இல் நடக்கிறது. ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில், கறுப்பின மக்களின் வணிகத்தால் செழித்திருந்த கிரீன்வுட் பகுதியை வெள்ளையர் கும்பல் மே 31, ஜூன் 1 ஆகிய இரண்டு நாள்களில் கொளுத்திச் சாம்பலாக்கியது. இது புனைவல்ல, நடந்தது. அமெரிக்கப் பாடப்புத்தகங்கள் நெடுங்காலம் பேசாமல் விட்ட நிகழ்வு. ஓக்லஹோமா அரசு அமைத்த ஆணையத்தின் இறுதி அறிக்கையே 2001-இல்தான் வந்தது. கணவாய் விழும் கற்பனை உலகத்துக்குள் நம்மை அழைத்துச் செல்லும் வாசல் ஓர் உண்மையான எரிப்பு என்பதுதான் அந்தத் தொடரின் மிகத் துணிச்சலான முடிவு. அந்தத் தீயிலிருந்து தப்பிய சிறுவனைத் தொடர்ந்து போனால், மூலக்கதையில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மூடிக் கிடந்த ஒரு கதவு திறக்கிறது.

மூலப் படக்கதையில் ஹூடட் ஜஸ்டிஸ் என்று ஒருவன் வருகிறான். முகமூடி வீரர்களில் முதலாமவன். தலையை மூடிய துணி, கழுத்தில் தூக்குக்கயிறு. அவன் யார் என்று படக்கதை உறுதியாகச் சொல்வதில்லை. சர்க்கஸ் பயில்வான் ஒருவனாக இருக்கலாம் என்ற ஊகம் மட்டும் ஒரு பாத்திரத்தின் சுயசரிதைப் பக்கங்களில் வருகிறது. தொடரின் ஆறாம் பகுதி அந்த இடைவெளியில் போய் உட்காருகிறது. டல்சா தீயிலிருந்து தப்பி, வளர்ந்து, நியூயார்க்கில் காவலராகச் சேர்ந்த அந்தக் கறுப்பின இளைஞனைச் சக காவலர்களே கழுத்தில் கயிறு மாட்டித் தொங்கவிட்டு, சாகும் முன் இறக்கிவிடுகிறார்கள். அதே கயிறோடு வீட்டுக்கு நடந்து வரும் வழியில்தான் அவன் முதன்முதலாக அந்த முகமூடியை அணிகிறான். மூலத்தில் வெறும் உடையலங்காரமாக இருந்த கயிறு, இங்கே ஒரு வரலாறாக மாறிவிடுகிறது. மூலத்தின் ஒரு வரியைக்கூட இது மறுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சர்க்கஸ் பயில்வான் என்ற ஊகத்தை ஊராரின் தவறான நம்பிக்கையாக அப்படியே விட்டுவைத்து, அந்த உலகத்துத் தொலைக்காட்சியில் ஓடும் ஒரு பரபரப்புத் தொடரில் அவனை வெள்ளையனாகவே நடிக்கவைத்திருக்கிறார்கள். தொடர்ச்சி எழுதுகிறவர் கற்றுக்கொள்ள வேண்டிய தொழில்நுட்பம் என்றால் எனக்கு இதுதான்: முன்னோர் கட்டிய சுவரை இடிக்காமல், அவர்கள் செங்கல் வைக்காமல் விட்ட இடத்தைத் தேடுவது.

ஆகவே உங்களிடம் இரண்டு கேள்விகள். அந்தப் பதினான்கு இதழ்களில், பத்தாம் வகுப்புப் பையன்கள் யோசிக்காமல் விட்ட இடம் எது? கடல் ஏறிய இரவில் கதவணையின் ஷட்டரை இறக்க வேண்டிய லஸ்கர் எங்கே போயிருந்தார்? இரண்டாவது, சற்றுக் கனமானது. நம் கீழத்தஞ்சைக்கும் ஓர் எரிப்பு உண்டு. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் நாற்பத்து நான்கு பேர் எரிக்கப்பட்டார்கள். கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்கள் அவை. அதை உங்கள் கதையில் சேர்க்கச் சொல்லவில்லை. அலங்காரமாகச் சேர்ப்பதைவிடச் சேர்க்காமல் இருப்பதே மரியாதை. ஆனால் கடல் ஏறிய பிறகு மேட்டில் குடியேறியவர் யார், பள்ளத்தில் விடப்பட்டவர் யார் என்ற கேள்வி வரும்போது, டெல்டாவில் மேடும் பள்ளமும் யாருக்கு எழுதப்பட்டிருந்தன என்பதை உங்கள் வரைபடம் மறந்துவிடக் கூடாது.

மணிக்கூண்டு (மயிலாடுதுறை)

பாராட்டுகளுக்கு நடுவில் ஒரு மாற்றுக் கருத்து. இந்தத் தொடரின் உலகம் டல்சாவில் எவ்வளவு ஆழமாக இருக்கிறதோ, வியட்நாமில் அவ்வளவு மேலோட்டமாக இருக்கிறது. அந்த உலகில் அமெரிக்கா வியட்நாம் போரில் வென்று, அந்நாட்டைத் தன் ஐம்பத்தோராவது மாநிலமாக்கிவிட்டது. எவ்வளவு பெரிய செய்தி! ஆனால் சைகோனில் பிறந்து வளர்ந்த ஏஞ்சலாவின் இளமைக்கால நினைவுகளைத் தாண்டி, சொந்த நாட்டை இழந்த மக்களின் சமையலறைக்குள் கேமரா போகவே இல்லை. மூன்றாம் நூற்றாண்டில் படையெடுப்பை எதிர்த்த வியட்நாமிய வீராங்கனையின் பெயரை லேடி ட்ரியூ என்ற கோடீஸ்வரிக்கு வைத்துவிட்டு, கடைசியில் அவரை வழக்கமான வில்லியாக்கிவிட்டார்கள். உலகம் கட்டுவதில் பெரும்பாலான படைப்புகள் சறுக்கும் இடம் இது: ஆசிரியரின் சொந்த ஊர் இருக்கும் பக்கம் மட்டும் கனமாகவும், தொலைவில் இருப்பது வெறும் பெயராகவும் இருக்கும்.

முன்னுரை என்று எதுவுமே இல்லை என்று நீங்கள் எழுதியிருப்பதும் முழு உண்மை அல்ல. நடிகர் ராபர்ட் ரெட்ஃபோர்ட் அங்கே சுமார் முப்பது ஆண்டுகளாக அதிபர். செல்போனும் இணையமும் அந்த உலகில் இல்லை, மக்கள் பேஜர் வைத்திருக்கிறார்கள். இவற்றின் பின்னணியை விளக்கும் குறிப்புகளை, பீட்டி என்ற எஃப்.பி.ஐ. பாத்திரம் தொகுத்த கோப்புகள் என்ற பெயரில், பகுதிகள் ஒளிபரப்பான காலத்திலேயே இணையத்தில் தனியாக வெளியிட்டார்கள். தாலுகா ஆபீஸ் நோட்டீஸ் அங்கேயும் இருந்தது. வாசல் கதவில் ஒட்டாமல் கொல்லைப்புறத்தில் ஒட்டியிருந்தார்கள், அவ்வளவுதான். இதுவும் மூலத்திலிருந்து வந்த வழக்கமே. படக்கதையின் இதழ்களின் பின்பக்கங்களில் சுயசரிதைப் பகுதி, காவல் கோப்பு, பத்திரிகைக் கட்டுரை என்று ஏதாவது ஒன்று அச்சாகியிருக்கும். அச்சகம் வைத்திருக்கும் உங்களுக்கு இதைவிட வசதியான உத்தி கிடைக்குமா?

அரசலாற்றங்கரை (கும்பகோணம்)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. லஸ்கர் பற்றிய கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. பழைய நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டாம் இதழில், கதவணைக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது, ஆள் இல்லை. வரைந்தவன் என் நண்பன். ஏன் வரைந்தாய் என்று தொலைபேசியில் கேட்டால், அந்த மூலை வெறுமையாக இருந்ததால் வரைந்தேன் என்கிறான். புதிய கதை இனி அந்தச் சைக்கிளின் சொந்தக்காரரிலிருந்து தொடங்கும். அவருடைய பேத்திதான் நாயகி.

எட்டுப் பக்க முன்னுரையை எறியவில்லை. நாயகி படிக்கும் ஏழாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகத்தின் ஒரு பாடமாக மாற்றி, கடைசிப் பக்கங்களில் வைக்கப் போகிறேன். அரசு சொல்லும் கதை அது என்பதால், அவள் தாத்தாவின் பெயர் அதில் இருக்காது. மேட்டுக்குடியிருப்புகளில் இடம் ஒதுக்கப்பட்ட விதம் ஒரே வரியில் முடிந்துவிடும். முதல் பக்கத்தில் பெரியவர் தண்ணீரை நாக்கில் வைத்துத் துப்பும் கட்டம் மட்டும். அதன் பென்சில் வரைவை இணைத்திருக்கிறேன். அக்காள் மகளிடம் காட்டியபோது, “தாத்தா ஏன் துப்புகிறார்?” என்று கேட்டாள். சொல்லவில்லை.

அகத்தியம்பள்ளி உப்பளம் (வேதாரண்யம்)

படம் நன்றாக வந்திருக்கிறது, அண்ணா. உப்புக்காட்டில் வளர்ந்தவன் என்ற முறையில் இரண்டு திருத்தங்கள் மட்டும். ஒன்று, வானத்தில் பிறைநிலா வரைந்திருக்கிறீர்கள். கடலேற்றம் அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டித்தான் அதிகமாக இருக்கும். அந்த நாள்களில்தான் முகத்துவாரத்தில் உப்பு மேலே ஏறும், பெரியவரும் அன்றுதான் சுவைத்துப் பார்ப்பார். பிறையை எடுத்துவிட்டு, வானத்தை முழு இருட்டாக விடுங்கள் அல்லது முழு நிலவை வையுங்கள்.

இரண்டு, பின்னால் தெரியும் வயலில் பயிர் செழித்து நிற்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துக் கரையோர வயல்களைப் பார்த்தவர்களுக்கு அது பொருந்தாது. வெயிலில் மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்து நிற்கும். நாற்றின் நுனி முதலில் கருகும். ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீர் கட்டி, வடித்து, மழையும் கழுவிய பிறகுதான் மண் மெல்லத் திரும்பியது. உங்கள் உலகத்தில் முப்பது ஆண்டாக உப்பு நிற்கிறது என்றால், நட்டிருப்பது ஆற்றுப்பாசனத்துக் குறுவை ரகமாக இருக்க முடியாது. உப்பு தாங்கும் குழியடிச்சானோ களர்ப்பாலையோ ஆகத்தான் இருக்கும், அதுவும் திட்டுத் திட்டாக. வாசகரில் நூற்றுக்கு ஒருவருக்குத்தான் அது தெரியும் என்றாலும், நெல்லின் பெயரை எங்கும் எழுதாமல் வயலை மட்டும் அப்படி வரைந்துவிடுங்கள்.