எஸ்.கே.எம். (மலேசியத் திறன் சான்றிதழ்) லெவல் மூன்று முடித்தால் 3000 வெள்ளியாம் (ரிங்கிட்). எந்த 3000?

பெரட்டுக்களம்:
ஞாயிற்றுக்கிழமை நம் பாடாங் செராய்ப் பக்கத்துக் கோயில் மண்டபத்தில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தார் வந்து ஆள் பிடித்தார்கள். "எஸ்.கே.எம். லெவல் 3 முடித்தால் கூலிம் ஹைடெக் தொழிற்பேட்டையில் 3000 வெள்ளி சம்பளம்" என்று மைக்கில் சொன்னார் ஒருவர். ஒரே கைதட்டல். தோட்டத்துப் பெற்றோர் பாதிப் பேர் அங்கேயே பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், தொழிற்பயிற்சிக்குக் கொடுக்கும் பி.டி.பி.கே. கடன் பாரமும் சேர்த்து. எனக்கு ஒரே ஒரு கேள்விதான். அந்த 3000 அடிப்படைச் சம்பளமா, ஓ.டி. (கூடுதல் நேர வேலை) சேர்த்தா? கூலிம் ஹைடெக்கில்தான் நானும் சோறு தின்கிறேன். எனக்குத் தெரியாமல் அது எந்தக் கதவுக்குப் பின்னால் கொடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

லூனாஸ் தம்பி:
அண்ணே, ஊரில் நல்லது நடந்தாலே உங்களுக்கு வயிறு எரியுமா? என் பெரியம்மா மகன் லெவல் 3தான். போன மாதம் 3240 வாங்கினான். பே ஸ்லிப்பை என் கண்ணால் பார்த்தேன்.

பெரட்டுக்களம்:
அடிப்படையா, ஓ.டி. சேர்த்தா?

லூனாஸ் தம்பி:
கையில் வந்தது 3240. அரிசி வாங்கும்போது இது ஓ.டி. காசா என்று கடைக்காரர் கேட்கிறாரா?

பெரட்டுக்களம்:
கடைக்காரர் கேட்க மாட்டார். வீட்டுக் கடனுக்குப் போனால் பேங்கில் கேட்பார்கள். தம்பிக்காகக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1700. 26 நாளால் வகுத்து, 8 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 8 வெள்ளி 17 காசு. சாதாரண நாள் ஓ.டி. ஒன்றரை மடங்கு, ஆக 12 வெள்ளி 26 காசு. ஒரு மாதத்துக்குச் சட்டம் விடும் ஓ.டி. 104 மணி நேரம். அத்தனையும் செய்தால் 1275. கூட்டினால் 2975. கடைசி மணி நேரம் வரை நின்றாலும் மைக்கில் சொன்னதற்கு 25 வெள்ளி குறைகிறது! அந்த 1275க்கு இ.பி.எப். (சேமநிதி) பிடிப்பதில்லை, முதலாளியும் போடுவதில்லை. வயதான பிறகு எடுக்கப் போனால் 1700க்குப் போட்டது மட்டும்தான் இருக்கும்.

கிராணி வீட்டுப் பேரன்:
குறைந்தபட்சச் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போட்டால் யாருக்குத்தான் குறையாது? லெவல் 3 டெக்னீஷனை 1700க்கு எடுக்கும் கம்பெனி எது? ஷிப்ட் அலவன்ஸ் எங்கே? பொது விடுமுறையில் மூன்று மடங்கு எங்கே? வசதியாக மறந்துவிட்டீர்கள்.

பெரட்டுக்களம்:
அலவன்ஸ் அடிப்படையில் சேருமா?

கிராணி வீட்டுப் பேரன்:
நான் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்.

பெரட்டுக்களம்:
நான்தான் முதலில் கேட்டேன்.

டீச்சரம்மா:
இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். கூலிம் ஹைடெக் 1996இல் திறந்தது. இன்டெல் வந்தது, இன்பினியன் வந்தது, பர்ஸ்ட் சோலார் வந்தது. 2024 ஆகஸ்டில் இன்பினியன் சிலிக்கன் கார்பைடு சிப் ஆலையும் திறந்தார்கள். இவ்வளவும் நம் செம்பனைக் காட்டுக்குப் பக்கத்திலேயே. ஆனால் மண்டபத்தில் கொடுத்த தாளைப் பாருங்கள். சிகை அலங்காரம், கேக் செய்வது, ஏர்கோன் பழுது பார்ப்பது. சிப் செய்யும் வேபர் ஆலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? பினாங்கில் 1989இலேயே பி.எஸ்.டி.சி. என்ற திறன் பயிற்சி மையம் தொடங்கினார்கள். கம்பெனிகள் கூடி உட்கார்ந்து எங்களுக்கு இன்ன வேலை தெரிந்த ஆள் வேண்டும் என்று சொல்லி, தங்கள் மெஷினையும் கொடுத்துக் கற்றுக்கொடுக்க வைத்தார்கள். நம் பக்கத்தில் அப்படி எது இருக்கிறது என்று யாராவது கேட்டீர்களா?

பெரட்டுக்களம்:
நல்ல கேள்வி டீச்சர். அந்த பி.எஸ்.டி.சி. முடித்தவருக்கு 3000 அடிப்படையா?

டீச்சரம்மா:
உங்களோடு பேசுவதற்கு நான் மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு நடத்தப் போகலாம்.

பினாங்கு மாப்பிள்ளை:
நம் பக்கத்தில் எதுவும் இல்லை என்று சொல்லாதீர்கள் டீச்சர். கூலிமிலேயே பாலிடெக்னிக் இருக்கிறது. புக்கிட் மின்யாக்கில் ஜே.எம்.டி.ஐ. என்ற தொழிற்பயிற்சிக் கழகம் இருக்கிறது. எஸ்.எல்.டி.என். என்று 2005இலிருந்து ஒரு திட்டம் ஓடுகிறது, முக்கால் பங்கு படிப்பு வேலை இடத்திலேயே. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான். அப்புறம் பயிற்சி நிதிக்குக் கம்பெனிகள் கட்டும் ஒரு சதவீத லெவி இருக்கிறதே, அதைப் பெரும்பாலும் ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களின் பயிற்சிக்குத்தான் எடுக்கிறார்கள். வெளியே நிற்கும் பிள்ளைக்கு அதில் என்ன கிடைக்கிறது?

செம்பனைக்காடு:
மாப்பிள்ளை பினாங்குக்குப் போனதிலிருந்து எல்லாம் தெரிந்தவர் ஆகிவிட்டார். ஜே.எம்.டி.ஐ.க்குத் தோட்டத்திலிருந்து எந்த பஸ்ஸில் போவது? கம்பெனி பஸ்ஸே மெயின் ரோட்டோடு போய்விடுகிறது. இரவு ஷிப்ட் முடிந்து காலை ஏழரைக்கு இறங்கும் பொம்பளைப் பிள்ளைகள் லயத்து வீடுகள் வரைக்கும் நடந்து வருகிறார்கள், அதுவும் நாய்த் தொல்லையோடு. எந்தத் திட்டத்தில் அந்த ரோடு இருக்கிறது?

பினாங்கு மாப்பிள்ளை:
மோட்டார் வாங்கச் சொல்லுங்கள்.

செம்பனைக்காடு:
3000 அடிப்படை கிடைத்தால் வாங்குவார்கள்.

பெரட்டுக்களம்:
ஆங்! செம்பனைக்காடு ஒருவருக்குத்தான் கேள்வி புரிந்திருக்கிறது.

கிராணி வீட்டுப் பேரன்:
எங்கள் தாத்தா இந்தத் தோட்டத்தில் முப்பது வருடம் கிராணியாக இருந்து செக்ரோல் (வருகை, சம்பளப் பதிவேடு) எழுதியவர். சம்பளக் கணக்கு எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

பெரட்டுக்களம்:
தெரியும் தெரியும். என் பாட்டி ரப்பர் மரத்தில் பால் வெட்டிய நாளுக்கு அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்ட செக்ரோல்தானே? மழை வந்தால் அரைப் பேர், பால் குறைந்தால் அரைப் பேர். அந்தக் கணக்கு வழியில் வந்தவருக்கு 3240 முழுதாகத்தான் தெரியும்.

கிராணி வீட்டுப் பேரன்:
மரியாதை வேண்டும். அரைப் பேர் போடச் சொன்னது துரை. எழுதியவரைத் திட்டி என்ன ஆகப் போகிறது?

பெரட்டுக்களம்:
மைக்கில் பேசியவரும் இதையே சொல்வார், எழுதிக் கொடுத்ததைப் படித்தேன் என்று.

டீச்சரம்மா:
செக்ரோலை விடுங்கள். 2024 மே மாதம் அறிவித்த தேசிய செமிகண்டக்டர் (சிப்) திட்டத்தில் 60,000 பேருக்குப் பயிற்சி என்று போட்டிருக்கிறார்கள். அது பொறியாளர்களுக்கான எண்ணிக்கை. ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம்.மோடு நின்றுவிட்ட நம் பிள்ளைகள் லெவல் 1, லெவல் 2 என்று படி ஏறி டிப்ளோமா வரைக்கும் போக வழி இருக்கிறது. லெவல் 4 முடித்தால் டி.கே.எம்., அது டிப்ளோமா. ஆனால் தோட்டப் பக்கம் வரும் நிலையங்கள் லெவல் 2, 3 என்று நிறுத்திக்கொள்கின்றன. ஏன் என்று கேட்க வேண்டியது அதைத்தான்.

லூனாஸ் தம்பி:
ஏன் என்றால் டீச்சர், லெவல் 4 வரைக்கும் வீட்டில் யார் சோறு போடுவது? பதினெட்டு வயதில் பிள்ளை காசு கொண்டுவர வேண்டும். 3240 சும்மா இல்லை.

பெரட்டுக்களம்:
அதில் அடிப்படை எவ்வளவு தம்பி? காலையிலிருந்து கேட்கிறேன்.

லூனாஸ் தம்பி:
1900. போதுமா?

பெரட்டுக்களம்:
பார்த்தீர்களா! 1900! மீதி 1340 தூக்கத்தை விற்ற காசு.

லூனாஸ் தம்பி:
1700 என்று நீங்கள் போட்ட கணக்கும் தப்பு என்று ஆகிவிட்டதே. அதை மட்டும் பார்க்க மாட்டீர்கள்.

பெரட்டுக்களம்:
1900 என்பது 3000 ஆகுமா?

புதிய உறுப்பினர் 27:
வணக்கம். என் தங்கை எஸ்.பி.எம்.மில் கணக்கில் தோற்றுவிட்டாள். லெவல் 1 சேர முடியுமா? எங்கே கேட்பது?

பினாங்கு மாப்பிள்ளை:
சேரலாம். மலாய் எழுதப் படிக்கத் தெரிந்தால் லெவல் 1க்கு அது போதும். நிலையத்துக்கு ஜே.பி.கே. (திறன் மேம்பாட்டுத் துறை) அங்கீகாரம் இருக்கிறதா, எந்தப் பிரிவுக்கு இருக்கிறது என்று முதலில் பாருங்கள். சில நிலையங்களில் ஏர்கோனுக்கு அங்கீகாரம் இருக்கும், எலெக்ட்ரானிக்ஸுக்கு இருக்காது. விளம்பரத் தாளில் இரண்டும் இருக்கும்.

பெரட்டுக்களம்:
மகளே, கையெழுத்துப் போடும் முன் சம்பளம் அடிப்படையா ஓ.டி. சேர்த்தா என்று எழுத்தில் வாங்கு.

கிராணி வீட்டுப் பேரன்:
பயிற்சி நிலையம் எப்படி அண்ணே சம்பளத்தை எழுத்தில் கொடுக்கும்? அது கம்பெனி கொடுப்பது.

பெரட்டுக்களம்:
அப்போது மைக்கில் மட்டும் எப்படிக் கொடுத்தார்கள்?

லூனாஸ் தம்பி:
இவருக்கு மைக் மேல்தான் கோபம். போன வருடம் கோயில் திருவிழாவில் இவர் பேசும்போது மைக்கை நிறுத்திவிட்டார்கள். அன்றிலிருந்து மண்டபத்தில் யார் பேசினாலும் குற்றம்.

பெரட்டுக்களம்:
நிறுத்தியது யார் என்று ஊருக்கே தெரியும். கூடாரம், நாற்காலி வாடகைக் கணக்கை நான் கேட்டேன், அதனால் நிறுத்தினார்கள். உன் மாமாதான் பொருளாளர்.

லூனாஸ் தம்பி:
என் மாமாவை இதில் இழுக்காதீர்கள்.

செம்பனைக்காடு:
நாற்காலிக் கணக்கு எனக்கும் தெரிய வேண்டும். இருநூறு நாற்காலிக்குக் காசு கட்டினோம், நான் நின்றுகொண்டே சாப்பிட்டேன்.